நாயின் உறுமலை அடக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். “எங்க நாய் திடீர்னு கடிச்சிடுச்சு” என்று சொல்லும் வீடுகளில் கொஞ்சம் விசாரித்தால், அந்த நாய் பல மாதங்களாகவே உறுமிக்கொண்டிருந்தது தெரியவரும். உறுமியபோதெல்லாம் அடியும் விழுந்திருக்கும். அடிக்குப் பயந்து அது உறுமுவதை நிறுத்திவிடும். உறுமவைத்த பயமோ வலியோ அப்படியே இருக்கும். அடுத்த முறை நேராகப் பல்தான்.

உறுமலே தாமதமான எச்சரிக்கை. அதற்கு முன்பே நாய் பலவிதமாகச் சொல்லிப் பார்க்கிறது: தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, எதிரில் தீனி இல்லாமலே மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, உடம்பு ஒரு நொடி விறைத்து அசையாமல் நிற்பது. வால் ஆடுகிறதே என்று நம்பிவிட வேண்டாம். உயரத் தூக்கி விறைப்பாக ஆட்டும் வாலுக்கு ‘பக்கத்தில் வா’ என்று பொருள் இல்லை.

உறுமினால் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, கண்ணை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி விலகுங்கள். விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறிவிடும் என்பார்கள். ஏறாது. சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்த நாய் கடிக்க வேண்டிய தேவை குறைகிறது. ‘நீதான் தலைவன் என்று காட்டு’ என்று மல்லாக்கத் தள்ளி அமுக்கச் சொல்லும் யோசனை, நம் முகத்தை நாயின் வாயருகே கொண்டுபோய் வைப்பதுதான்.

அதிகம் சிக்கல் வருவது சாப்பாட்டுத் தட்டருகே. குட்டியிலிருந்தே தட்டில் கைவைத்துப் பழக்கச் சொல்லும் அறிவுரையால் நாய் கற்பது ஒன்றே: மனிதர் வந்தால் சோறு போய்விடும். அதைத் தலைகீழாக்க வேண்டும். நாய் நிம்மதியாகத் தின்னும் தூரத்தில், எட்டு அடி என்றால் எட்டு அடியில் நின்று, உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழித்துண்டு ஒன்றை, விரல்நகம் அளவு போதும், தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஐந்தாறு முறை. உங்களைக் கண்டதும் தலை தூக்கி ஆவலோடு பார்க்கத் தொடங்கிய பிறகே அரை அடி நெருங்கலாம். மெல்லுவது நின்றாலோ, அவசரமாக விழுங்கினாலோ, தட்டை உடம்பால் மறைத்தாலோ நெருங்கியது அதிகம், இரண்டடி பின்வாங்குங்கள். வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இந்தப் பயிற்சி அவர்கள் கையில் வேண்டாம். நாய்க்குத் தனி அறையில் கதவைச் சாத்திச் சோறு வையுங்கள். செருப்பைக் கவ்விக்கொண்டு உறுமினாலும் துரத்தக் கூடாது. நான்கைந்து துண்டுகளைத் தள்ளி எறிந்து, நாய் அங்கே போனபின் செருப்பை எடுங்கள்.

அமைதியாக இருந்த நாய், அதிலும் வயதான நாய், திடீரென்று தொடவிடாமல் உறுமினால் பயிற்சியாளரைத் தேட வேண்டாம். காதில் சீழ், சொத்தைப் பல், இடுப்பு மூட்டு வலி என்று காரணம் இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளை ராஜபாளையம் நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் அவை பதறிக் கடிக்கக்கூடும். தரையைத் தட்டி அதிர்வால் எழுப்ப வேண்டும்.

வாய்க்கூடு போடுவதென்றால் வாயைத் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கூடை வகையே சரி. வாயை இறுக்கிக் கட்டும் துணிவகை நம்மூர் வெயிலில் ஆபத்து. நாய் சூட்டைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான்.

கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் தடவக் கூடாது.

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமம் கொடுக்கும்போதே, உறுமலுக்கு முந்தைய அடையாளங்களைப் படத்தோடு அச்சிட்ட ஒரு பக்கத் தாளையும் தமிழில் கொடுத்தால் என்ன? செலவு மிகக் குறைவு. மற்ற மாநகராட்சிகளும் இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர்,
சென்னை