வெந்நீர் தந்த கடைக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

கடைசி வாளியும் நேற்று மாலை கல்குவாரிக் குளத்தில் இறங்கிவிட்டது. எங்கள் யார்க்‌ஷயர் ஓடையில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. கீழ்ப்பகுதியிலிருந்து சிக்னல் கிரேஃபிஷ்கள் என்னும் அயல்நாட்டு நன்னீர்ச் சிங்கிகள் ஏறி வந்துகொண்டிருக்க, மேலே எஞ்சியிருந்த வெண்கொடுக்குக் கிரேஃபிஷ்களை, பிரிட்டனின் மண்ணுக்கே உரிய ஒரே நன்னீர்ச் சிங்கி இனத்தை, அவற்றின் பிடியில் சிக்குமுன் இடம் மாற்றிவிட்டோம் என்ற ஆறுதலில் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, சாலைச் சந்திப்பில் பெட்ரோல் நிலையத்தை ஒட்டிக் கடை நடத்தும் யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் அண்ணைக்கும். நாங்கள் அவர்களிடம் உதவி கேட்டுப் போகவில்லை. கடை வாசலில் நின்று சேற்றுக் காலணிகளைக் குளிர்ந்த நீரில் தேய்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்தக் கழுவு கழுவுறீங்களே, அதுகளுக்கு என்ன வருத்தம்?" என்று ஓடைச் சிங்கிகளின் நோயைப் பற்றிக் கேட்டார்.

சொன்னேன். 1970களின் நடுவில் பண்ணைகளில் வளர்ப்பதற்காக வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிக்னல் கிரேஃபிஷ்கள் தப்பி ஆறுகளில் பரவியதையும், அவை தாம் பெரிதாகப் பாதிக்கப்படாமலே அபனோமைசிஸ் அஸ்டாசி என்னும் பூஞ்சை போன்ற நோய்க்கிருமியைச் சுமந்து வருவதையும், அந்த நோய் புகுந்த நீரில் வெண்கொடுக்கு இனம் கூண்டோடு மடிவதையும் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் ஈரமான காலணியிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போய்விடும். அயர்லாந்தில் 2015இல் கேவன் பகுதியில் இந்நோய் உறுதியானபோது, அந்நாட்டில் அயல்நாட்டுக் கிரேஃபிஷ் எதுவும் நிலைகொண்டதாக அறியப்படவில்லை. ஈரமான சாதனங்களோடு வந்திருக்கலாம் என்ற சந்தேகம் அதனால்தான் வலுத்தது. கழுவி நன்றாக உலர்த்துவதே எங்களுக்குத் தெரிந்த காப்பு. ஆனால் இந்த மழையில் எதைத்தான் உலர்த்துவது?

அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய், பெரிய அண்டாவில் நீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தார். சொசேஜ் ரோல் அடுக்கும் சூட்டுப் பெட்டிக்காக வாங்கி, உதிரியாகக் கிடந்த ஊசி வெப்பமானியையும் எடுத்துவந்தார். "63க்குக் கீழ போனா நாங்கள் சாப்பாட்டையே வைக்கக்கூடாது, உங்கட வாளியையும் அதாலயே பார்ப்பம்" என்றார். எங்கள் குழு வைத்திருந்த விதியோ, வலையும் வாளியும் ரப்பர் காலணியும் 60 பாகைக்குக் குறையாத நீரில் ஐந்து நிமிடமாவது ஊற வேண்டும் என்பது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்த ஊசியை வாளிக்குள் விட்டு, எண் இறங்கினால் "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ" என்று குரல் கொடுப்பது அக்காவின் வேலையாயிற்று. அண்ணை, சரக்கறையில் பாய்லருக்குப் பக்கத்தில் இருந்த குளிர்பானப் பெட்டிகளை நகர்த்திவிட்டு, குறுக்கே கயிறு கட்டி வலைகளை உலரப் போட்டார். எரிவாயுச் செலவுக்கென்று நாங்கள் நீட்டிய பணத்தை இருவரும் தொடவே இல்லை.

உரிமத்தோடு முன்னின்று, கல்லைப் புரட்டினால் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும் என்பதில் தொடங்கி அனைத்தையும் கற்றுத்தந்த ஆய்வாளர்களுக்கும், மாடுகளை வேறு வயலுக்கு மாற்றி வழிவிட்ட விவசாயிக்கும், குளத்தைத் தந்த குவாரி உரிமையாளருக்கும், தூண்டில்களைத் தாமாகவே மடக்கி வைத்த மீன்பிடிக் கழகத்தினருக்கும், குளிரில் நின்ற மாணவர்களுக்கும் எங்கள் நன்றி.

"சிக்னலைப் பிடித்துக் குழம்பு வைத்தால் தீர்ந்தது" என்று அக்கறையோடு ஆலோசனை சொன்ன நம்மவர்களுக்கும் நன்றி உண்டு. ஆனால் அதை ஏற்பதற்கில்லை. பொறியில் விழுபவை பெரும்பாலும் பெரியவை; குஞ்சுகளைத் தின்னும் அந்தப் பெரியவை குறைந்தால் சிறியவை இன்னும் பெருகக்கூடும். இங்கிலாந்தில் பொறி வைக்க உரிமமும் தேவை. சமையல் ஆசையில் உயிரோடு எடுத்துப்போவது, புதிய ஓடைக்கு அதை நாமே குடியேற்றுவதில் முடியலாம்.

இனி ஒரே நாளில் இரண்டு ஓடைகளில் இறங்குவதில்லை என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். 2010இல் இங்கிலாந்தின் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கொலைகார இறால் என்னும் இன்னொரு அயல்நாட்டு உயிரினம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கிய "பார், கழுவு, உலர்த்து" என்ற அறிவுரையை, ஓடைக்கு இறங்கும் பாதையில் தொட்டியும் தூரிகையுமாக வைத்துவிடப் போகிறோம். அதற்கான செலவு எங்களுடையது. இதையும் அண்ணை தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவு செய்த அக்கா, அந்த உயிரினத்தை இன்னும் ஒரு முறைகூட நேரில் பார்க்கவில்லை. பகலெல்லாம் அவை கல்லுக்கடியில் பதுங்கியிருக்கும்; இரவில் வரலாமென்றால் கடையை மூட நேரமாகிவிடும். வரும் கோடையில், முட்டைகள் பொரிந்த பின், குளத்தைக் கணக்கெடுக்கும் இரவில் அவரையும் அழைத்துச் செல்ல ஆய்வாளர்கள் இசைந்திருக்கிறார்கள். அன்று கல்லாவில் நான் நிற்கிறேன், அக்கா.

நன்றியுடன்,
ஓடைக் குழுவில் ஒருத்தி