பதினெட்டுப் பெண்கள் தொடங்கிய பணி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உலக எய்ட்ஸ் நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளின் வழியே, 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வரலாற்றைச் சிறப்பாக நினைவூட்டியது. ஆனால் அங்கிருந்து நேரே அரசுத் திட்டங்களுக்குத் தாவிவிட்டதால், தொற்றுள்ளவர்கள் தாமாகவே முன்வந்து தொடங்கிய பணி விடுபட்டுப்போனது.

1998-இல், நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா உள்ளிட்ட, தொற்றுள்ள 18 பெண்கள் சேர்ந்து சென்னையில் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பை உருவாக்கினார்கள். தொற்றுள்ளோருக்கான பொதுவான கூட்டமைப்பு ஒன்று அதற்கு முந்தைய ஆண்டே இதே நகரில் தொடங்கப்பட்டிருந்தது. இருந்தும் பெண்களுக்கெனத் தனி அமைப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. கணவர் வழியாகத் தொற்றைப் பெற்று, அவர் இறந்தபின் அவரது சாவுக்கும் தானே பழி சுமந்து, சொத்தும் மறுக்கப்பட்டுப் புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்ணின் துயரம், ஆண்களும் இருக்கும் கூட்டத்தில் எளிதாகப் பேசப்படுவதில்லை.

பிற்பாடு சுவரெங்கும் 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்ட விழிப்புணர்வு விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். (எங்கள் தெருவில் அதைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு.) அது ஆண்களை நோக்கிய கேள்வி. கணவரன்றி வேறொருவரை அறியாத மனைவிக்கு வருமா என்று கேட்ட பலகை எதையும் நான் பார்த்ததில்லை. திருமணமான புதிதிலேயே கணவர் வழியாகத் தமக்குத் தொற்று வந்திருப்பதை அறிந்த கௌசல்யா, பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பொதுவெளியில் பேசியதே அதற்கான விடையாக இருந்தது.

அமைப்பைத் தொடங்கியபோது இப்பெண்கள் கையில் மருந்தில்லை என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. தமிழகத்தில் முதலில் அதைப் பெற்றது தாம்பரம் மருத்துவமனை. மருந்து வருவதற்கு ஆறாண்டுகள் முன்னரே, ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது ஒன்றையே முதலாகக் கொண்டு இவர்கள் அமைப்பாகத் திரண்டிருந்தார்கள். தொற்றுள்ளவரை அவர் வாழும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்று சொல்கிறது.

கல்லூரிகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக இயங்கும் செஞ்சுருள் சங்கங்கள் ஆண்டுதோறும் உறுதிமொழியோடும் பேரணியோடும் நின்றுவிடாமல், இத்தகைய முன்னோடிகளை விருப்பமிருந்தால் அழைத்துப் பேசவைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் அவர்களது தொடக்ககால நினைவுகளைத் தொடராகப் பதிவுசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்பரம்.