பட்டியலுக்கு நடுவே வெற்று வரி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பள்ளி மாணவர்களும் எழுதப் பழக வேண்டும் என்ற உங்கள் கட்டுரையை ஓய்வுபெற்ற தமிழாசிரியையாக மனமார வரவேற்கிறேன். ஆனால் பயிற்சி தருபவர்கள் பட்டியல் போடும் முறையை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டால் புள்ளி வரும். # போட்டால் எண் தானாக வரும். ஐந்திணையை எழுதும்போது குறிஞ்சிக்கு ஒரு நட்சத்திரம். அதன்கீழ் வரும் நிலம், தெய்வம் ஆகியவற்றுக்கு இரண்டு. அவ்வளவுதான்.

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பலர் வரிகளுக்கு இடையே வெற்று வரி விடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். வெற்று வரி வந்ததும் பட்டியல் முடிந்துபோய், அடுத்த வரி புதிய பட்டியலாகிவிடும். எண்களும் 1, 1, 1 என்றே நிற்கும்.

பார்வையற்ற என் பழைய மாணவர் ஒருவர் போட்டித் தேர்வுக்குத் திரையில் உள்ளதை உரக்க வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துத்தான் படிக்கிறார். பட்டியல் சரியாக இருந்தால் ஐந்து உருப்படிகள் என்று அது முதலிலேயே சொல்லிவிடும். தேவையில்லை என்றால் தாண்டிப் போகலாம். உடைந்த பட்டியலிலோ, ஒரு உருப்படி, பட்டியல் முடிந்தது என்று ஐந்து முறை கேட்க வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு எரிச்சல்!

அப்புறம், எண்களைக் கையால் தட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் பின்னால் உள்ள எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். உங்கள் மாணவர் பக்கத்தில் இதற்குச் சிறிது இடம் ஒதுக்குங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திண்டுக்கல்