நாலு விரற்கடை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. படித்ததும் ஒன்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தோன்றியது. அதற்கு மகள் விடுமுறையில் வரும்வரை காத்திருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கர் கேபிளை மாற்றியதும் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, இறுகிவிட்டது, பாடகி மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். "இதெல்லாம் உன் மீட்டரில் தெரியாது" என்று கடைசியில் ஒரு வரி வேறு. விடுதியில் ஒரே ஹெட்ஃபோனை ஆளுக்கு ஒரு காதாகப் பிரித்துக் கேட்ட நாளிலிருந்து, காதை நம்புவதா மீட்டரை நம்புவதா என்று நமக்குள் நடக்கும் வழக்கு இது. ஆனால் இந்த முறை என் பழைய பல்லவியைப் பாடப் போவதில்லை. உன் காதில் விழுந்த மாற்றம் நிஜமாகவே நடந்திருக்கும் என்று நம்புகிறேன். அதைச் செய்தது கேபிள்தானா என்பதில் மட்டும்தான் எனக்குச் சந்தேகம்.

ஏன் என்று சொல்கிறேன். போன மாதம் அளவெடுக்கும் மைக் ஒன்று வாங்கினேன். நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், காது இருக்கும் உயரத்தில் அதை நிறுத்தி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு மென்பொருளில், கீழ் ஸ்தாயியிலிருந்து உச்சிவரை தொடர்ந்து ஏறும் ஒரு தொனியை (ஸ்வீப்) ஓட்டினேன். பிறகு வேறெதையும் தொடாமல் மைக்கை மட்டும் நாலு விரற்கடை பக்கவாட்டில் தள்ளி வைத்து மறுபடி ஓட்டினேன். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தபோது திகைத்துப் போனேன். மேலே சில இடங்களில் ஆறேழு டெசிபல் வித்தியாசம்! ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும், சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் ஓரிடத்தில் சேர்ந்து எழும்பும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அமுக்கிவிடும். 3,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே பதினொரு சென்டிமீட்டர் சொச்சம்தான். அங்கே நாலு விரற்கடை என்பது பெரிய தூரம்.

பேஸில் இன்னும் மோசம். என் அறையின் நீளம் 4.3 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 40 ஹெர்ட்ஸ் அலையில் சரிபாதி இரண்டு சுவருக்கும் நடுவே அப்படியே பொருந்தி நின்றுவிடுகிறது. கிராஃபில் அந்த இடம் குன்று மாதிரி எழுந்து நிற்கிறது. பின்சுவரை ஒட்டிக் கிடந்த நாற்காலியை, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இழுத்துப் போட்டேன். குன்று ஆறு டெசிபல் இறங்கியது. போதுமான தடிமன் உள்ள இரண்டு கேபிள்களுக்கு நடுவே இதன் பக்கத்தில் வரும் வித்தியாசம்கூட இருக்காது.

இப்போது நீ கேபிள் மாற்றியதை யோசித்துப் பார். ஸ்பீக்கரை முன்னால் இழுத்து, பின்னால் குனிந்து, பழைய கேபிளைக் கழற்றி, புதியதை முடுக்கி, திரும்பத் தள்ளி வைத்திருப்பாய். அச்சாகப் பழைய இடத்திலேயே வைத்தாயா? நாற்காலியில் முன்பு சாய்ந்து உட்கார்ந்தவன் இப்போது ஆவலில் நிமிர்ந்து உட்கார்ந்தாயா? பழைய முனைகளில் களிம்பு பிடித்திருந்ததா? இதில் ஒவ்வொன்றும் காதுக்குத் தெரியக்கூடிய மாற்றம்.

கண் செய்யும் வேலையும் இருக்கிறது. 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒன்று காட்டினார்கள். ஒருவர் 'க' என்று வாயசைக்கும் படத்தோடு 'ப' என்ற ஒலியைச் சேர்த்து ஓட்டினால், பெரும்பாலானவர்களுக்கு 'ட' என்று கேட்கிறது. விஷயம் தெரிந்த பிறகும் அப்படியேதான் கேட்கிறது, அதுதான் எனக்கு வியப்பு. கண்ணை மூடினால் 'ப' திரும்பி வந்துவிடுகிறது. இதில் ஏமாளித்தனம் எதுவும் இல்லை. மூளை கேட்கும் விதமே அதுதான்.

அதனால்தான் மகள் வரும்வரை காத்திருந்தேன். என் பழைய ஆம்ப்ளிஃபயரில் குரல் இதமாக, உடம்போடு வருகிறது, புதியதில் எலும்பும் தோலுமாக வருகிறது என்று உனக்குப் போன வருடம் எழுதினேனே, நினைவிருக்கிறதா? ஒரு வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்தேன். 400 ஹெர்ட்ஸ் தொனியை ஓட விட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். நான் இரண்டிலும் வழக்கமாக வைக்கும் வால்யூமில் புதியது 2.00 வோல்ட், பழையது 2.14 வோல்ட். அரை டெசிபலைவிடக் கொஞ்சம் அதிகம். இந்த அளவு வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூடியிருக்கிறது' என்று சொல்வதில்லை, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்கிறது. இரண்டையும் சமப்படுத்தினேன். மகள் என் முதுகுக்குப் பின்னால், நான் பார்க்க முடியாதபடி சுவிட்ச் பெட்டியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டிப் பார்த்து மாற்றினாள். பேச்சில்லை. பதினாறு முறையில் ஒன்பதுதான் சரியாகச் சொன்னேன். குருட்டு அதிர்ஷ்டத்திலேயே எட்டு வரும். குறைந்தது பன்னிரண்டு சரியாக வந்திருந்தால்தான் நான் நிஜமாகவே இனம் கண்டேன் என்று சொல்லலாம். குருட்டாம்போக்கில் பன்னிரண்டோ அதற்கு மேலோ வர நூற்றில் நாலு வாய்ப்புகூடக் கிடையாது.

எனக்கு வருத்தமாக இருந்தது, மறைக்கவில்லை. அந்த இதம் எனக்குப் பிடித்த ஒன்று.

ஆனால் உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மீட்டர்காரர்கள் காதைக் கேலி செய்து தோற்ற கதை இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வந்த புதிதில், காகிதத்தில் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) எண் பிரமாதமாக இருந்தது. கேட்டவர்கள் கரகரக்கிறது, காது களைத்துப் போகிறது என்றார்கள். கேட்டவர்கள் சொன்னதுதான் சரி. அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் தூக்குகிறது. கை மாறும் இடத்தில் ஒரு சின்ன முறிவு. முழுச் சக்தியில் அளந்தால் அலை பெரியது, முறிவு அதில் கரைந்துபோகும், சதவீதம் அழகாக வரும். ஆனால் வீட்டில் வயலின் தனியாக மெல்லத் தேயும்போது அலை சிறியது, முறிவு மட்டும் அதே அளவு. அளந்தவர்கள் தப்பாக அளக்கவில்லை, காது இருந்த இடத்தில் அளக்கவில்லை. அதோடு, எல்லாச் சிதைவும் ஒன்றல்ல. சிதைவு, அசல் சுருதியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று உபரி ஒலிகளாக வருகிறது, அவைதான் ஹார்மோனிக்குகள். இரண்டாம் ஹார்மோனிக் அசல் சுருதிக்குள் ஒளிந்துகொள்ளும். ஏழாவது துருத்திக்கொண்டு நிற்கும். மேலே போகப் போக ஹார்மோனிக்குகளுக்குக் கூடுதல் எடை போட வேண்டும் என்று பிபிசி பொறியாளர் ஷார்ட்டர் 1950-லேயே எழுதினார். இன்றைக்கும் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டித்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு உன்னோடு எத்தனை இரவு வாதாடியிருக்கிறேன்! அதில் நீதான் சரி.

எனக்கு வழி காட்டியது இன்னொரு ஆய்வு. 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் 40 பேரை வைத்து நாலு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரு முறை பார்த்துக்கொண்டு, ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து. அந்த 40 பேரும் ஸ்பீக்கர் செய்யும் நிறுவனத்திலேயே வேலை செய்பவர்கள். அப்படியும் பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரிய ஸ்பீக்கருக்கு மதிப்பெண் ஏறியது, சின்னதற்கு இறங்கியது. பத்து வருடம் கழித்து ஆலிவ், 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் கேட்டவர்களுக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். கணக்குக்கும் காதுக்கும் ஒட்டுறவு 0.86 (முழுக்கப் பொருந்தினால் 1). கண்ணை விலக்கியதும் காதும் மீட்டரும் ஏறக்குறைய ஒரே பேச்சைப் பேசுகின்றன. நாம் இரண்டு பேரும் இத்தனை வருடம் அடித்துக்கொண்டது எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. மகள் இருந்தபோதே தொனிகளை ஓட விட்டு என் காதைச் சோதித்தேன். 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவள் 16,000-லும் "இருக்கு, இருக்கு" என்று கை தூக்கினாள். அறையில் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கிறது, எனக்கு இல்லை. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. நீயும் ஒரு முறை பார்த்துவிடு.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். பழைய கேபிளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். இரண்டையும் கொண்டு வா. ஸ்பீக்கரின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டியிருக்கிறேன், நாற்காலிக்கும் சாக்பீஸில் அடையாளம் போட்டாயிற்று. நீ பன்னிரண்டு சரியாகச் சொன்னால், அந்தக் கேபிளில் அப்படி என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை அளப்பது என் வேலை. மூச்சுச் சத்தம் கேட்கும் அந்தப் பாட்டையும் மறக்காமல் எடுத்து வா. எனக்கும் கேட்க ஆசையாக இருக்கிறது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்