மூடச் சொன்ன நிறுவனம்

அன்பு மகளுக்கு,

மேலாளராகப் பொறுப்பேற்றதும் முதல் வேலையாக, நஷ்டத்தில் ஓடும் ஒரு பிரிவை மூடுவதற்கான அறிக்கையைத் தயாரிக்கச் சொல்லிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். படித்ததும் இத்தாலிக்காரர் என்ரிக்கோ மத்தேயின் நினைவு வந்தது.

1945இல் போர் முடிந்த கையோடு, அஜிப் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தை இழுத்து மூடும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இளமையில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்து, பிறகு மிலானில் சொந்தமாக ரசாயனத் தொழில் நடத்தி, போர்க்காலத்தில் பாசிசத்தை எதிர்த்து நின்றவர் அவர். எண்ணெய்த் தொழில் அவருக்குப் புதிது. புதிது என்பதாலேயே, ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தார். லோதிக்கு அருகே கவியாகாவில் 1944இலேயே எரிவாயு கிடைத்திருந்த விவரத்தைப் பழைய பொறியாளர்கள் சொன்னார்கள். நிறுவனத்தை விற்பதை விட்டுவிட்டு மேலும் துளையிடச் சொன்னார். போ ஆற்றுச் சமவெளியின் அந்த வாயு வடக்கு இத்தாலியின் ஆலைகளை ஓட்டியது. 1953இல் எனி என்ற அரசு எண்ணெய், எரிவாயு நிறுவனம் உருவானபோது அவரே தலைவரானார்.

கணக்கெழுதியே காலம் கழித்த எனக்கு, அவருடைய 1957 ஈரான் எண்ணெய் ஒப்பந்தம்தான் இன்றும் வியப்பு. லாபத்தில் பாதி நாட்டுக்கு, பாதி நிறுவனத்துக்கு என்பதே அன்றைய வழக்கம். மத்தேய் ஈரானின் தேசிய நிறுவனத்தைச் சரிபாதிப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்; பாதி வரியாகப் போக, மிஞ்சியதிலும் பாதி ஈரானுக்கே சென்றதால், அந்நாட்டின் பங்கு 75 சதவீதமானது. ‘ஏழு சகோதரிகள்’ என்று அவர் பெயர் சூட்டிய பெரிய எண்ணெய் நிறுவனங்கள் கொதித்துப்போயின. பசியோடு கஞ்சிச் சட்டியை நெருங்கிய பூனைக்குட்டியை வேட்டைநாய் ஒரே அடியில் முதுகெலும்பு முறிய வீசிய காட்சியைச் சொல்லி, அந்தப் பெரிய நிறுவனங்களுக்கு முன் எங்கள் நிலையும் அந்தக் குட்டியின் நிலைதான் என்பார் மத்தேய்.

ஆனாலும் அவரை முழுதாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அனுமதி பெறாமல் இரவோடு இரவாகத் தெருவைத் தோண்டிக் குழாய் பதித்தார். கட்சிகளை டாக்சியைப் போலப் பயன்படுத்துகிறேன், ஏறுகிறேன், கூலி கொடுத்து இறங்கிவிடுகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் கூலி பொதுப்பணம் அல்லவா!

1962 அக்டோபர் 27 அன்று, சிசிலியிலிருந்து மிலான் திரும்பும் வழியில் விமானம் விழுந்து இறந்தார். வெடிபொருள் வைக்கப்பட்டிருந்தது என்று பல ஆண்டுகளுக்குப் பின் நடந்த மறுவிசாரணை முடிவுக்கு வந்தது; வைத்தவர் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

நீ மூடப்போகும் பிரிவின் பழைய பதிவுகள் எங்கே இருக்கின்றன, எழுதியவர்களில் யாராவது இன்னும் பணியில் இருக்கிறார்களா? விசாரித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா