தெரிந்தவரையா, தெரியாதவரையா?

நாகர்கோவில்
ஐப்பசி மாதம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எனக்கு முட்டுவலி. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வைத்தியர் கொடுத்த எண்ணெய் வாடையில் வீட்டுக்காரி என்னைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டாள், அங்கிருந்துதான் எழுதுகிறேன். இங்கே விடாத மழை. சானலில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. கும்பப்பூ நட்ட வயலில் நாற்று மூழ்கிவிடுமோ என்று தம்பி தினமும் விடியுமுன்னே போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். தாம்பரத்தில் உங்கள் தெருவில் இந்த வருஷமாவது தண்ணீர் ஏறாமல் இருந்ததா?

உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். “தாத்தா, கடவுள் மனுஷ அறிவுக்கு எட்டாதவர்னு நீங்களே சொல்றீங்க. அப்போ தினமும் காலையில யார்கிட்ட பேசுறீங்க? தெரிஞ்சவர்கிட்டயா, தெரியாதவர்கிட்டயா?” நீ “காபி ஆறுது, குடி” என்று சொல்லித் தப்பித்தாயாம். கணக்கு வாத்தியாராக இருந்தவன் செய்கிற காரியமா இது!

அவளிடம் சொல், அந்தக் கேள்விக்கு வயது 1,600-க்கு மேல். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் ஒரு ஆயரையே மடக்கியிருக்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் போன இக்கோனியா உனக்கு ஞாபகம் இருக்கும். இன்றைய துருக்கியில் கோன்யா. 370-களில் அங்கே ஆயராக இருந்தவர் அம்பிலோக்கியஸ். அவரைச் சிலர் பிடித்துக்கொண்டார்கள். “நீர் ஆராதிப்பது உமக்குத் தெரிந்ததையா, தெரியாததையா? தெரிந்தது என்றால் அதன் சாரம், அதாவது உள்ளியல்பு, என்ன, சொல்லும். சாரம் தெரியாது என்றால், என்னவென்றே தெரியாததை ஆராதிக்கிறீர் என்று ஒத்துக்கொள்ளும்.” பாவம், மனுஷன் என்ன செய்வார்? தன் நண்பரும் மூத்தவருமான பசிலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பசில் அப்போது, அதே துருக்கிப் பகுதியில் இருந்த கப்பத்தோக்கியா நாட்டின் செசரியாவில் பேராயர். அவர் எழுதிய பதில்கள் இன்றும் இருக்கின்றன.

பசில் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். தெரியும் என்பதில் பல தினுசு உண்டு. தேவனுடைய வல்லமை தெரியும், ஞானம் தெரியும், நன்மை தெரியும், நம்மைப் பராமரிக்கிறார் என்பது தெரியும். அவருடைய உள்ளியல்பு மட்டும் தெரியாது. அவருடைய செயல்கள் நம்மிடம் இறங்கி வருகின்றன, அவருடைய சாரமோ நாம் தொடமுடியாத இடத்திலேயே இருக்கிறது. பிறகு ஓர் உதாரணம் காட்டுகிறார். “தீமோத்தேயுவை உனக்குத் தெரியுமா?” என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வேன். முகம் தெரியும், குணம் தெரியும். அவன் உள்ளியல்பு என்ன என்று கேட்டால் தெரியாது. அதற்காக அவனை எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமா? அந்தக் கணக்கில் பார்த்தால் என்னையே எனக்குத் தெரியும், தெரியாது இரண்டும்தான் என்கிறார். நான் யார் என்று தெரியும், நான் என்ன என்று கேட்டால் முழிப்பேன்.

எதிர்த்தரப்பின் தலைவர் யூனோமியஸ். அவரும் கப்பத்தோக்கியாக்காரர்தான், கெட்டிக்காரர். தேவன் பிறப்பிக்கப்படாதவர், இந்த ஒரு வரையறையிலேயே அவருடைய சாரம் அடங்கிவிட்டது, அது விளங்கினால் தேவன் விளங்கிவிட்டார் என்பது அவர் கட்சி. தேவனுக்குத் தம்மைப் பற்றி நமக்குத் தெரிந்ததைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது என்றே அவர் சொன்னதாகப் பிற்காலத்துச் சரித்திரக்காரர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எதிராளியின் பேனாவில் வந்த வாசகம், அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் அந்த மனப்போக்கை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நம் ஓய்வுநாள் பாடசாலையில் எல்லாக் கேள்விக்கும் வசனத்தோடு பதில் வைத்திருந்த அண்ணாச்சியை மறந்திருக்கமாட்டாய்.

இந்தச் சண்டை பண்டிதர்களோடு நிற்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிளில் சில்லறை மாற்றப் போனாலும் ரொட்டி வாங்கப் போனாலும் கடைக்காரன் பிதா பெரியவர், குமாரன் தாழ்ந்தவர் என்று ஆரம்பித்துவிடுகிறான் என்று பசிலின் தம்பி, நிஸ்ஸா நகரத்து கிரகோரி சலித்துக்கொள்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தியோகியாவில் நடந்தது. 386-ல், பேர்போன பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தம் குருப்பட்டம் பெற்ற அதே வருஷம், தேவன் அறிவுக்கு எட்டாதவர் என்பதைப் பற்றியே தொடர்ந்து பிரசங்கித்தார். தேவனுடைய சந்நிதியில் நிற்கிற சேராபீன் தூதர்களே முகத்தை மூடிக்கொள்கிறார்கள், நீ யார் எட்டிப்பார்க்க என்பது சாராம்சம். கோவில் நிரம்பி வழிந்திருக்கிறது. எவ்வளவு நெரிசல் என்றால், பணப்பையை அறுக்கிறவர்கள் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார்கள். இனி யாரும் காசு எடுத்துக்கொண்டு வராதீர்கள் என்று பிரசங்கத்துக்குள்ளேயே எச்சரிக்கிறார்! இன்னொன்றுக்கும் திட்டுகிறார். பிரசங்கம் முடிந்ததும், அப்பம் பகிர்கிற திருவிருந்துக்கு முன்னால், ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்கள். கேட்டால், ஜெபம் வீட்டிலேயே பண்ணிக்கொள்ளலாம், பிரசங்கம் வீட்டில் கிடைக்காதே என்கிறார்களாம். எட்டாத தேவனைப் பற்றிய அருமையான பேச்சைக் கேட்கத் தள்ளுமுள்ளு, அவரே அப்பமாய் எட்டிவருகிற நேரத்தில் கோவில் காலி. மனுஷன் கோபப்பட்டதில் ஆச்சரியமில்லை.

நீ இந்நேரம் பென்சிலை எடுத்திருப்பாய். சாரம் தெரியாது, செயல் தெரியும் என்றால், அந்தச் செயல் நல்லது என்று எதை வைத்து முடிவுகட்டினாய் என்பாய். நாற்றை வளர்ப்பதும் மழை, மூழ்கடிப்பதும் மழை. பசில் இதை அறியாதவரல்ல. 369 வாக்கில் அவர் ஊரில் கொடும் பஞ்சம். அவர் பேசிப் பேசியே வசதியானவர்களின் களஞ்சியங்களைத் திறக்கவைத்தார், பசித்தவர்களுக்குத் தாமே பரிமாறினார். பிறகு ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். ஊரே ஒதுக்கிவைத்த குஷ்டரோகிகளைத் தழுவிக்கொண்டார் என்று அவருடைய நண்பர், நசியான்சு கிரகோரி, இரங்கலுரையில் சொல்கிறார். இத்தனையும் செய்தவருக்கு ஈரல் நோய். கடிதத்துக்குக் கடிதம் உடம்பைப் பற்றி ஒரு புலம்பல் இருக்கும், நம் கடிதங்கள் மாதிரியே. ஐம்பதைக்கூட எட்டவில்லை, 379-ல் போய்விட்டார்.

உன் கேள்விக்கு இது பதில் ஆகாது என்று எனக்கே தெரியும். பதில் என்று என் கையில் இருப்பது யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம்தான். தேவனை ஒருவனும் ஒருக்காலும் கண்டதில்லை, குமாரனே அவரை வெளிப்படுத்தினார். பின்னால் சீஷன் பிலிப்பு, “பிதாவை எங்களுக்குக் காண்பியும், அது எங்களுக்குப் போதும்” என்கிறான். இவ்வளவு காலம் கூடவே இருந்தும் என்னைத் தெரியவில்லையா என்று இயேசு கேட்கிறார். சீஷருடைய கால்களைக் கழுவித் துடைத்த அதே ராத்திரியில் நடந்த பேச்சு இது. தேவனுடைய மறைவான சித்தம் என்று யாராவது எதையாவது சொன்னால், கால் கழுவினவர் அப்படிச் செய்வாரா என்று கேட்டுப்பார்ப்பேன். பொருந்தாவிட்டால் ஒதுக்கிவிடுவேன். இதுவும் முழுசாகத் தெரிந்துகொண்டதாகாது. கூடவே சுற்றிய பன்னிரண்டு பேருக்கே பாதி விளங்கவில்லை.

இப்போது ஒரு துக்கச் செய்தி. நம்மோடு எஸ்.எஸ்.எல்.சி. படித்தானே, வடசேரிக்காரன், கபடி ஆடுவான், அவனுடைய மகன் பைக் விபத்தில் போய்விட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துஷ்டிக்குப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ஆண்டவர் தோட்டத்துக்கு நல்ல பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். இதைவிடப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றத்தான் இப்போதே எடுத்துக்கொண்டார் என்றார் இன்னொருவர். குடும்பத்தில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா என்று ஒரு அம்மாள் தாழ்ந்த குரலில் விசாரித்தார். இவர்கள் எல்லாரும் இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் “அவருடைய வழிகள் ஆராயப்படாதவைகள்” என்று தலையாட்டினவர்கள்! ஆராய முடியாது என்று சொன்ன வாயே ஆராய்ச்சி முடிவையும் வாசிக்கிறது. யூனோமியஸாவது தனக்குத் தெரியும் என்று நேராகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வேதாகமத்தில் யோபுவை எடுத்துப் படித்தேன், குற்றமில்லாமலே சொத்தையும் பிள்ளைகளையும் இழந்தவனின் கதை. இந்தத் தடவை அந்தச் சிநேகிதர்கள் மேல்தான் கண் போயிற்று. ஏழு நாள் ராவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் எவ்வளவு நல்ல பெயர் வாங்கியிருப்பார்கள்! அப்புறம் வாய் திறந்தார்கள். அவர்கள் பேசினதில் பாதி இன்றைக்கும் பிரசங்கத்துக்கு ஆகிற பேச்சு: தேவன் நீதியுள்ளவர், காரணமில்லாமல் அடிக்கமாட்டார். யோபுவோ சண்டை போடுகிறான், வழக்காடுகிறான், செத்தால் போதும் என்கிறான். கடைசியில் தேவன் யார் பக்கம் பேசினார்? என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய், அதாவது சரியாக, பேசவில்லை என்று சிநேகிதர்களில் ஒருவனான எலிப்பாசிடம் சொல்கிறார், 42-ஆம் அதிகாரத்தில். தேவனுக்காக வக்காலத்து வாங்கினவர்கள்மேல் தேவனுக்கே கோபம். ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாயா? சிநேகிதர்கள் அத்தனை அதிகாரத்திலும் தேவனைப் பற்றியே பேசுகிறார்கள், ஒரு தடவைகூட அவரிடம் பேசவில்லை. யோபு அழுகிறபோதும் ஏசுகிறபோதும் பாதி நேரம் அவரைப் பார்த்துத்தான் பேசுகிறான்.

பெருங்காற்றிலிருந்து வந்த பதிலில் யோபு கேட்டதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. கதையின் தொடக்கத்தில் அவனைப் பற்றித் தேவன் சாத்தானோடு பேசிய பேச்சுக்கூட அவனுக்குச் சொல்லப்படவில்லை. நான்கு அதிகாரம் முழுக்க வரையாடு எப்போது குட்டிபோடும், தீக்குருவி ஏன் முட்டையைத் தரையில் விட்டுவிட்டு ஓடுகிறது, கழுகு எங்கே கூடு கட்டும், பிகெமோத், லிவியாதான் என்கிற ராட்சத மிருகங்கள். மனுஷர் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்யச் செய்கிறவர் யார் என்று ஒரு கேள்வி. விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த இடம் தைக்கிறது. ஒரு நாற்றும் இல்லாத இடத்தில், யாருக்கும் உபயோகமில்லாமல், புல்லுக்காக ஒரு மழை. எல்லாவற்றுக்கும் என்னை வைத்தே காரணம் தேடுகிற வழக்கத்தில் அது ஒரு தட்டுத் தட்டுகிறது. யோபுவுக்கு இது போதுமாயிருந்தது. “என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன்; இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது” என்கிறான். விளங்கிற்று என்று அவன் சொல்லவில்லை என்பதைப் பேத்திக்குக் காட்டு.

நிஸ்ஸா கிரகோரி முதிர்ந்த வயதில் மோசேயைப் பற்றி எழுதினார். முதலில் முட்செடியில் வெளிச்சம், பிறகு மேகம், கடைசியில் மலையுச்சியில் கார்மேகத்தின் இருட்டு என்று மோசேயின் பயணத்தை வரிசைப்படுத்துகிறார். நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. கிட்டப் போகப்போக இருட்டு கூடுகிறது. அப்புறம் யாத்திராகமம் 33: உம்முடைய மகிமையைக் காட்டும் என்று மோசே கெஞ்ச, தேவன் அவனைக் கன்மலையின் வெடிப்பில் வைத்துக் கையால் மூடி, என் பின்பக்கத்தைக் காண்பாய், முகம் காணப்படாது என்கிறார். தேவனுக்குப் பின்பக்கம் ஏது என்று சிறுவயதில் நாம் சிரித்திருக்கிறோம். கிரகோரி கேட்கிறார்: ஒருவருடைய முதுகு யாருக்குத் தெரியும்? பின்னால் நடக்கிறவனுக்கு. எதிரே நிற்கிறவன்தான் முகத்தைப் பார்ப்பான், அவன் போவது எதிர்த்திசையில். ஆகவே அவர் கூட்டிக்கொண்டு போகிற வழியில் பின்னாலே போவதுதான் அவரைக் காண்பது என்று முடிக்கிறார்.

இதைப் படித்த பிறகுதான் பசிலின் ஆஸ்பத்திரி அவருடைய பதிலின் மிச்சப் பாதி என்று எனக்குப் பட்டது. உன் பேத்தி தாத்தா யாரோடு பேசுகிறார் என்று கேட்டாள். பின்னால் நடக்கிறவன் முன்னால் போகிறவரைக் கூப்பிடுகிறான் என்று சொல்லிப்பார். உடனே, அவர் முன்னால் போகிறார் என்பது என்ன நிச்சயம் என்று கேட்பாள். கேட்கட்டும். அதற்கும் காபியைக் காட்டாதே.

வடசேரிக்காரனை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். அவன் கோவிலுக்கு வருவதில்லை, நான் கூப்பிடுவதும் இல்லை. கேரம் ஆடுகிறோம். போன வாரம் திடீரென்று, “அவன்கிட்ட நான் பேசுறதில்லடே” என்றான், மேலே கையைக் காட்டி. சரி என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரை அவன் பக்கம் தள்ளினேன். ஊருக்கு வந்தால் நீயும் வா, ஆனால் வசனம் எதையும் தயார்பண்ணிக்கொண்டு வராதே.

கணக்கு வாத்தியாரிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. யோபுவின் முடிவில் எல்லாம் இரட்டிப்பு. 7,000 ஆடு 14,000 ஆகிறது, 3,000 ஒட்டகம் 6,000. பிள்ளைகள் மட்டும் பழையபடி ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும். செத்துப்போன பத்துப் பேரும் தேவனிடத்தில் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டினால் இருபது, கணக்கு சரி என்று பழைய வியாக்கியானம் ஒன்று உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்தில் கேட்ட விளக்கங்களின் வாடை இதிலும் அடிக்கிறது எனக்கு. நீ என்ன நினைக்கிறாய், எழுது. மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்