ஒத்திகையைக் குப்பை என்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசை மதிப்புரையில், அமெரிக்க ராக் இசைக்குழுவான தி டோர்ஸின் 'பேக்ஸ்டேஜ் அண்ட் டேஞ்சரஸ்: தி பிரைவேட் ரிஹர்சல்' தொகுப்பை "கச்சேரி முடிந்தபின் கூட்டிப் பெருக்கிய குப்பை" என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தார்கள். அதைப் படித்தபின் மற்றப் பக்கங்களைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

தாங்கள் அறியாததல்ல. ஹாலிவுட்டின் அக்வாரியஸ் தியேட்டரில் 1969 ஜூலை 21, திங்கட்கிழமை அக்குழு இரண்டு காட்சிகள் வாசித்தது. மறுநாள் அதே அரங்கில், ரசிகர்கள் இல்லாமல் வாசித்ததன் பதிவுதான் 33 ஆண்டுகள் கழித்து, 2002இல் வெளிவந்தது. அந்த ஒத்திகைக்குச் சில மாதங்கள் முன்பு, மார்ச் 1 அன்று மயாமியில் நடந்த கச்சேரியில் ஆபாசமாக நடந்துகொண்டதாகக் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன்மீது வழக்குப் பாய்ந்து, ஊர் ஊராகக் கச்சேரிகள் ரத்தாகியிருந்தன. அதன்பின் அரங்குக்கு வந்தவர்களில் பாட்டுக்காக வந்தவர் எத்தனை பேர், வேடிக்கைக்காக வந்தவர் எத்தனை பேர் என்று யாரால் சொல்ல முடியும்? அந்தச் செவ்வாய்க்கிழமை வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லை. ரே மன்சாரெக் (கீபோர்டு), ராபி கிரீகர் (கிதார்), ஜான் டென்ஸ்மோர் (டிரம்ஸ்) என்ற மூன்று தோழர்களோடு மாரிசன் ப்ளூஸ் பாடும்போது, குரலில் எவரையும் கவர வேண்டிய அவசரமே இல்லை. அந்த மனிதர் பாடகர்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பதிலாகத் தங்கள் மதிப்புரையாளர் பரிந்துரைப்பது 1970இல் வந்த 'அப்சலூட்லி லைவ்'. நல்ல தொகுப்பு, மறுக்கவில்லை. ஆனால் அது, தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட் பல கச்சேரிகளின் நாடாக்களை வெட்டி ஒட்டி உருவாக்கியது. வெட்டி ஒட்டியது உண்மையான கச்சேரி, ஒரே அரங்கில் ஒரே நாளில் வாசித்தது குப்பை என்றால், அந்த அளவுகோலை எனக்கு விளக்கியருள வேண்டும்.

நான் 22 ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். எங்கள் மொட்டை மாடி ஒத்திகையின் கேசட் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. கீழ்வீட்டு குக்கரின் விசிலுக்கு நடுவே, "பல்லவியிலிருந்து இன்னொரு தடவை போவோம்" என்கிறார் எங்கள் பாடகர். அவர் இப்போது இல்லை. மேடையில் எடுத்த பதிவுகள் பத்துக்கு மேல் இருந்தும், அவர் குடும்பத்தார் என்னிடம் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்தது இந்தக் கேசட்டைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "பேஸ் கிதார் அமுங்கி ஒலிக்கிறது" என்கிறது மதிப்புரை. அக்குழுவின் மேடையில் பேஸ் கிதார் வாசிப்பவரே கிடையாது! மன்சாரெக் இடக்கையால், பேஸ் சுரங்களை மட்டும் தரும் சிறு கீபோர்டான ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸையும் வலக்கையால் ஆர்கனையும் வாசிப்பார். பேஸ் கிதார்க்காரர் வராத ஒரு கல்யாணக் கச்சேரியில் நான் அப்படி வாசிக்க நேர்ந்தது. மூன்றாவது பாட்டிலேயே இடது மணிக்கட்டு மரத்துவிட்டது. அவரோ ஆண்டுக்கணக்கில் வாசித்தார்.

ஆண்டுதோறும் ஜூலை 3 வந்தால் தங்கள் இதழில் மாரிசனின் மதுவும் 27 வயதும் பாரிஸ் மரணமும் தவறாமல் இடம்பெறுகின்றன. மயாமி வழக்கில் விதிக்கப்பட்ட தண்டனைக்கு 2010 டிசம்பரில் ஃபுளோரிடா மாநிலம் மன்னிப்பு வழங்கியபோது ஒரு பெட்டிச் செய்திகூட வரவில்லை. டென்ஸ்மோரைக் கிதார் கலைஞர் என்று அச்சிட்டதைச் சுட்டிக்காட்டி முன்பு நான் எழுதிய கடிதத்திற்கும் பதில் இல்லை. இத்தனைக்குப் பிறகும் சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறேன். இந்த இதழின் மேல் எனக்குள்ள பற்று அப்படி.

நான் வேண்டுவது இரண்டு வரித் திருத்தம்தான்: அந்தப் பதிவில் பேஸ் கிதார் இல்லை, தாங்கள் அச்சிட்டபடி அது 1970ஆம் ஆண்டுப் பதிவும் அல்ல, 1969 ஜூலை 22இல் பதிவானது. இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிடுங்கள். திருத்தம் மட்டும் அடுத்த இதழில் வரட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மதுரை.